நட்சத்திரம் இருந்த இடம்

எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்குப் பட்டப்பெயரும் லென்ஸ்தான். வேலை நேரத்தில் மற்றவர்கள் பார்வையைச் சரிசெய்வார். மிச்ச நேரத்தில் பழைய நாணயங்களில் குற்றம் கண்டுபிடிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்குள் "பழைய காசு ஏதாவது இருக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவருடைய அக்காவின் மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவரிடம் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. அவருடைய அப்பா தான் நடத்திவந்த கடையை மூத்த மகனுக்கு எழுதிவைத்துவிட்டு, இளையவரான இவர் கையில் அந்தக் காசைக் கொடுத்து, "லட்சத்துல ஒண்ணுடா இது, அதான் உனக்கு" என்றாராம். அண்ணனுக்குக் கடை, எனக்குக் காசா என்று பெரியவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். அப்பாவுக்குத் தன்மேல் தனிப்பாசம் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அது.

அக்கா மகளின் பிறந்தநாளன்று, கேக் வெட்டி முடித்த கையோடு, பெரியவர் அந்தக் காசை லென்ஸிடம் நீட்டினார். லென்ஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

எந்த நாணயச்சாலையில் அடித்த காசு என்று காட்ட, அந்த வகைக் காசு சிலவற்றில் ஆண்டுக்குக் கீழே ஒரு பொடி நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் உள்ள காசு அபூர்வம், இல்லாதது சாதாரணம். அதனால் சாதாரணக் காசில் நட்சத்திரத்தை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பெரியவரின் காசில் அது மேலே, அதில் பொறித்திருந்த இலைக்கொத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"இடமே தப்பு மாமா. யாரோ ஒட்டியிருக்காங்க."

"எங்கப்பா குடுத்தது தம்பி."

"குடுத்தவர் யாரா இருந்தா என்ன? இப்பப் பாருங்க."

சாவிக்கொத்தில் தொங்கிய ஊசியால் நெம்பினார். ஒட்டியதென்றால் பட்டென்று பெயர்ந்துவிடும். பெயரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாலுபேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது லென்ஸுக்கு நிறுத்தத் தெரியாது. "கெட்டியா ஒட்டியிருக்கான் பயல்" என்று சிரித்துக்கொண்டே பேனாக்கத்தியால் சுரண்டினார். நட்சத்திரம் பொடியாகிப் போனது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

பெரியவர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப எனக்குன்னு ஒண்ணுமே குடுக்கலை" என்று மெல்லச் சொன்னார். அதன்பிறகு அவர் அதை யாருக்கும் காட்டவில்லை.

போன மாதம், நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் சந்தைக்கு லென்ஸ் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கடைக்காரரின் தட்டில் அதே காசு, அதே ஆண்டு. நட்சத்திரம் இலைக்கொத்துக்குப் பக்கத்தில்.

"இது போலியா?" லென்ஸின் குரலே மாறிவிட்டது.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அந்த வருஷம் மட்டும் மேல போட்டாங்க, அடுத்த வருஷம் கீழ மாத்திட்டாங்க. இதுக்குத்தான் ஆளாளுக்கு அலையறாங்க."

லென்ஸ் அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நானெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெரியவர் பேத்தியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க காசு அசல்தான். நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன். உங்கப்பா உங்களை ஏமாத்தலை." சொல்லும்போது லென்ஸ் தலை நிமிரவே இல்லை. போனை மட்டும் நீட்டினார்.

பெரியவர் உள்ளே போய், பழைய ஆணிகள் கிடந்த டப்பாவிலிருந்து தன் காசை எடுத்துவந்து போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல நட்சத்திரம் இருக்கு தம்பி. என்னுதுல இல்லையே."

"அதை நான்தானே சுரண்டினேன்!"

"ஒட்டினதைத்தானே சுரண்டினீங்க."

லென்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். "சத்தியமா மாமா" என்றார். ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நட்சத்திரம் இருந்த இடத்தில் அவருடைய கத்திக் கீறல்தான் இருந்தது.

பெரியவர் அவர் தோளில் கைவைத்தார். "என் மனசு நோகக்கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க பாருங்க. பெத்தவருக்கே அந்த மனசு இல்லாமப் போச்சு." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்மா, உன் தம்பி வந்திருக்கார். டீ போடு, சர்க்கரை தூக்கலாப் போடு."

டீ வந்தது. வேண்டாம் என்று சொல்ல லென்ஸுக்கு வாய் வரவில்லை.