தீபாவளி காலையில் வந்த அப்பாவின் குரல்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று தம்போய் வீட்டுக்கு வந்து, அவர் படத்துக்கு முன் நின்று கும்பிட்டு, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் பெரும்பாலும் அவருடைய கடைசி நாட்களைப் பார்த்தவர்கள். அவர் நெஞ்சைத் தடவிவிட்டவர்கள் இருக்கிறீர்கள். அவரைத் தோளில் சுமந்தவர்கள் இருக்கிறீர்கள். நான் அவருடைய ஒரே மகள். அந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் பிறகு சொன்னதுதான். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கட்டுரையை நானே எழுத வேண்டும் என்றார் அண்ணன். எழுதுகிறேன். அப்பாவின் வாழ்க்கையை எழுதும்போது, அவரும் நீங்களும் சேர்ந்து எனக்குச் செய்ததையும் எழுதாமல் விட முடியவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. தாத்தா காலில் அடிபட்டுப் படுத்துவிட்டதால் மூத்த பிள்ளையான அப்பா அதற்குள் ஒரு நாளும் உட்காரவில்லை. மாடு மேய்த்தார், மரங்களுக்கு உரம் போட்டார், வளர்ந்த பிறகு எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுத்தார். அம்மாவைக் கைப்பிடித்ததும் அண்ணனும் நானும் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். தோட்டம் கைமாறி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது எனக்கு விவரம் தெரியாத வயது. ஒரு லாரியில் சாமான்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு அப்பா தம்போய்க்கு வந்தார்.

இங்கே அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். கூலாயில் ஆட்களை ஏற்றி செனாயில் இறக்குவார். வேலை முடிந்ததும் திரும்ப அழைத்து வருவார். எழுத்து தெரியாது. மலாயும் சீனர்களின் ஹொக்கியனும் பேச்சில் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை ஒரு குறுகலான சந்தில் திரும்பும்போது நிறுத்தியிருந்த காரை உரசிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள், "அங்கிள், யாரும் பாக்கல லா, போலாம், போலாம்!" என்று கத்தினார்கள். "இடிச்சது நானு. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, கார்க்காரர் வரும்வரை வெயிலில் இறங்கி நின்றார். அன்று பஸ் முழுவதும் வேலைக்குத் தாமதம். அவரைப் பற்றி யார் பேசினாலும் இந்தக் கதை வரும். பொய் சொல்ல வராத மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டுக் கார் பட்டறைக்குப் போய்விட்டார். நான் படித்தேன். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேறினேன். பல்கலைக்கழகத்தில் மொழிகளை எடுத்துப் பிரெஞ்சும் அரபும் கற்றேன். "பிரெஞ்சு படிச்சிட்டு இந்தப் புள்ள யாருகிட்ட பேசப் போவுது?" என்று ஒரு விருந்தில் யாரோ கேட்டபோது, "அது பேசும். ஒனக்குப் புரியாது, அவ்வளவுதான்," என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அவருக்கும் இருந்ததில்லை.

பிறகு எனக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்தது. உள்நாட்டுச் சண்டை ஓயாத ஒரு நாடு. அங்கே அமைதி காக்கும் படை இருக்கிறது. அந்தப் படையின் பணிக்குழு நடத்தும் வானொலியில் நான் செய்தியாளர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் செய்தி எழுதிப் படிப்பேன், அரபில் மக்களைப் பேட்டி காண்பேன். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த முகாமில் உணவு கொடுக்கிறார்கள், நேற்று பரவிய வதந்தியில் எது பொய் என்பவைதான் எங்கள் செய்திகள். அதைக் கேட்டுவிட்டு மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள். தவறாகச் சொன்னால் தவறான சாலையில் நடப்பார்கள்.

நேயர்கள் குரல் பதிவுகளை அனுப்புவார்கள். அவற்றை ஒலிபரப்பும் முன் சோதிப்பது என் பொறுப்பு. பேசுகிறவரின் சொற்களை விட, அவருக்குப் பின்னால் கேட்கும் ஒலிகளைக் கவனிக்க வேண்டும் என்று எங்கள் பிரிவின் தலைவி கற்றுக்கொடுத்திருந்தார். ஒருமுறை, 'இன்று காலை பாலத்தில் சுடுகிறார்கள், யாரும் வராதீர்கள்' என்று ஒரு பதிவு வந்தது. பதறிய குரல். ஆனால் பின்னால் தவளைகள் கத்தின. அங்கே மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அது பழைய பதிவு என்று நிறுத்திவிட்டேன். அன்று மக்கள் பத்திரமாகப் பாலத்தைக் கடந்தார்கள்.

நான் புறப்பட்ட அன்று செனாய் விமான நிலையத்தில் அப்பா கேட்டார்:

"அங்க குண்டு போடுவானுங்களாமே, மெய்யா?"

"எப்பவாச்சும் போடுவாங்கப்பா."

"போட்டா எங்கிட்ட சொல்லிரணும். நான் பயந்துருவேன்னு மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன். நீங்களும் எதையும் மறைக்கக் கூடாது."

"நான் என்னாத்த மறைக்கப் போறேன்? தலையில முடி இல்லாததையே நான் மறைக்கல."

எல்லாரும் சிரித்தோம். நான் அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன். வானொலி நிலையத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்ததைச் சொன்னேன். விமான நிலையம் மூடப்பட்டதைச் சொன்னேன். எல்லைக்குப் போகும் சாலையில் கண்ணிவெடி இருப்பதையும் சொன்னேன். அவருக்கு எழுதத் தெரியாது என்பதால் எங்களுக்குள் எல்லாமே குரலில்தான். தொலைபேசிக் கோபுரங்கள் சேதமான பிறகு பேச இணைப்பு கிடைக்கவில்லை. வாரம் ஒரு குரல் பதிவு மட்டும் எப்படியோ வந்து சேரும். 'பாப்பா, நான் நல்லாருக்கேன்மா. லேசா சளி. நீ பாத்து இரு' என்பார். இடையில் மூச்சு வாங்கும். சளி என்றுதான் நம்பினேன்.

அது நுரையீரல் நோய் என்று மருத்துவர்கள் சொல்லி அப்போதே பல வாரங்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்குத் தெரியும், அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அப்பா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

தீபாவளியன்று காலை நிலையத்தில் கைப்பேசியைத் திறந்தபோது அவர் குரல் வந்திருந்தது. "பாப்பா, தீபாவளி வாழ்த்தும்மா. இப்பதான் எண்ணெ தேச்சிக் குளிச்சேன். அம்மா முறுக்கு சுட்டு வச்சிருக்கு. நீ அங்க எதாச்சும் இனிப்பு வாங்கிச் சாப்புடு." முகமெல்லாம் சிரிப்போடு கேட்டேன். இன்னொரு தரம் கேட்கலாம் என்று ஒலித்தொகுப்பு அறையில் காதுக் கருவியை மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால், தொலைவில், நிறையப் பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிந்து, ஓர் ஆசிரியை ஒலிபெருக்கியில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தமிழ்ப்பள்ளியின் காலைச் சபைகூடல் அது.

தீபாவளியன்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சபை கூடும்? ஒரு பட்டாசுச் சத்தம்கூட அதில் இல்லை.

அவசரத்துக்கென்று வைத்திருந்த செயற்கைக்கோள் தொலைபேசியைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு அழைத்தேன். அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, அப்பாகிட்ட குடு."

"அப்பா... குளிச்சிட்டு இருக்காரு."

"குளிச்சிட்டேன்னு காலையிலயே சொன்னாரே?"

"அது வந்து... தூங்குறாரு பாப்பா. அப்பறம் பேசு."

"குளிக்கிறாரா, தூங்குறாரா? ஒன்ன சொல்லு."

பின்னாலிருந்து அம்மா சொல்வது கேட்டது: "சொல்லிருடா. புள்ளகிட்ட சொல்லிருடா."

அப்பா அதற்கு முந்தைய வாரமே போய்விட்டார். எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாகிவிட்டது. கருமாதி மட்டும் பாக்கி இருந்தது. அன்று என் கைப்பேசியில் உங்களில் பலரிடமிருந்தும் தீபாவளி வாழ்த்துகள் வந்திருந்தன. குத்துவிளக்குப் படங்கள், கோலப் படங்கள். எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் அனுப்பியவை. எனக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்றுதான் அனுப்பினீர்கள் என்று பிறகு சொன்னீர்கள்.

பிரிவின் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து என்னை அணைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும். போன வாரமே உன் அண்ணன் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு போன் செய்தார்," என்றார். அண்ணன் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஃபாதர் டை. சிஸ்டர் நோ டெல். ஏர்போர்ட் ஓப்பன், தென் டெல்," என்று சொல்லியிருக்கிறார். பொய்ப் பதிவைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாள், அந்த போன் வந்த நாள் முதல் தினமும் என்னோடு மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அன்று மாலைச் செய்தியை நான்தான் படித்தேன். வேறு ஆள் இல்லை.

விமான நிலையம் திறந்து நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் துக்கத்தின் அடையாளங்கள்கூட எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். மூச்சு கொஞ்சம் சீராக இருந்த ஒரு காலையில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, அண்ணன் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாகப் பேசிப் பதிவு செய்து, அந்தந்த நாளில் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

"தீபாவளிக்கு ஒன்னு, பொங்கலுக்கு ஒன்னு, ஒன் பொறந்தநாளுக்கு ஒன்னு. நடுவுல நடுவுல தண்ணி குடிச்சிக்கிட்டாரு."

"நீ ஏண்ணே வேணாம்னு சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணிருப்பே? லாரி ஏறிக் கெளம்பிருப்பே. அந்த ரோட்டுல கண்ணிவெடி இருக்குன்னு நீதானே அப்பாகிட்ட சொன்னே? நீ சொல்லாம இருந்திருந்தா அவரும் சொல்லிருப்பாரு."

"ரோட்டுல போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்க மாட்டேனா? அந்த ஊரு சனங்களுக்கு நான் தெனமும் அதத்தானேண்ணே சொல்றேன்?"

அண்ணன் நல்லவர். அப்பா சொன்னதைத் தட்டாதவர். ஆனால் இதை நான் எழுதியாக வேண்டும்: முன்பின் பார்த்திராத மக்கள், நான் சொல்லும் உண்மையைக் கேட்டுத் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் அந்த உரிமை என் சொந்த வீட்டில் எனக்கு இல்லாமல் போயிற்று. சொல்லியிருந்தால் நான் வந்து சேர்ந்திருப்பேனா என்று தெரியாது. ஒரு மகள் நோயுற்ற தகப்பனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருப்பேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டிருப்பேன். அவர் பொய்யாகச் சொன்ன சளிக்கு நான் கஷாயம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் பதிவையும் பிறந்தநாள் பதிவையும் அழித்துவிடச் சொன்னேன். அழித்துவிட்டேன் என்றார் அண்ணன். அதை நம்புவதற்கு எனக்கு இப்போது வழியில்லை.

இனி நன்றி. அப்பாவைக் குழந்தையைப் போலத் துடைத்து, சட்டை மாற்றி, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். சோறு இறங்காத நாட்களில் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டிக்கும், அவரைப் பெயர் சொல்லி அழைத்துச் சிரிக்க வைத்த மருத்துவமனைத் தாதியருக்கும், வேலையிலிருந்து நேரே வந்து அவரைக் காரில் ஏற்றி இறக்கிய பழைய பஸ் ஓட்டுநர் நண்பர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்கு நீங்கள் செய்தது பெரிது. அதை என் வருத்தத்தோடு கலக்க மாட்டேன். என் வருத்தத்தையும் அதைக் காட்டிக் கரைத்துவிட மாட்டேன்.

வானொலி நிலையத்திலிருந்து திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. அந்த வேலையை நான் நேசிக்கிறேன். போக வேண்டும் என்றே நினைக்கிறேன். அதற்கு எனக்கு இங்கே ஒரே ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது. நாளை அவருக்கு ஏதாவது என்றால் அவரும் உங்கள் கையைப் பிடித்து, பாப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் கேட்பார். அப்போது அவர் பேச்சை மீறி எனக்கு உடனே போன் செய்கிறவர் ஒருவர் வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒன்னும் ஆவாது," என்றார். அண்ணியிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்று இந்த வீட்டில் இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் கிளம்பும் முன் என்னிடம் வந்து, நான் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை.