விற்ற வண்டியில் வேலைக்குப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முனையில் நடந்தது இது. இன்றும் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பேன். திருட்டு என்று சொன்னால் அது திருட்டு இல்லை. இல்லை என்று சொன்னாலும் மனசு ஒப்பவில்லை.

என்னிடம் பதினான்கு வருடம் ஓட்டிய ஒரு கனமான மோட்டார் சைக்கிள் இருந்தது. செல்ஃப் ஸ்டார்ட் என்றைக்கோ செத்துப்போய், உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோலைக் குடிக்கிற குடிக்கு அது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. தினமும் மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி பாலம் ஏறி, ஐலண்ட் வழியாகத் தேவராவில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் முதுகு இரண்டாகிவிடும். "வண்டிய மாத்துங்க. இல்லேன்னா உங்க நடுவு ஒடிஞ்சு கெடக்கும்போது நான்தான் எண்ணெ தேய்க்கணும்" என்று மனைவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கலூரில் ஒரு ஷோரூமில் பழையதைக் கொடுத்துவிட்டு, நூறு சிசி வண்டி ஒன்றை எடுத்தேன். லேசான வண்டி. பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லாமல் கிளம்பும். அதில் உட்கார்ந்தால் மற்றவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பழைய வண்டியை ஒப்படைக்கும்போது ஷோரூம் பெண் இரண்டு சாவியும் கேட்டாள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்று தொலைந்துபோய்விட்டது என்றேன். அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏன் பொய் சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதைப் புது வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டேன்.

எங்கள் சந்துக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வண்டி எதுவும் உள்ளே வராது. அதனால் சந்து முனையில் இருக்கும் சுக்கு குடோனின் மதிலை ஒட்டித்தான் எல்லோரும் வண்டி நிறுத்துவோம். யாரும் எழுதி வைக்காத வரிசை அது. முதலில் சாயாக்கடைக்காரர் ஸ்கூட்டர், அடுத்து தையல்காரர் மொபெட், மின்கம்பத்தை ஒட்டி நான். அடுத்தவர் இடத்தில் நிறுத்தினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவும் மாட்டார்கள். பதினான்கு வருடமாக மின்கம்பத்துப் பக்கம் நிற்கிற வண்டி என்றால் என் வண்டி. அதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு ஏறும் வழக்கமே எங்கள் யாருக்கும் கிடையாது.

முந்தின நாள் சாயங்காலம் நான் வந்தபோது சுக்கு மூட்டை இறக்கும் லாரி ஒன்று என் இடத்தை அடைத்து நின்றது. முணுமுணுத்துக்கொண்டே புது வண்டியை மதிலின் மறுகோடியில் விட்டுவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை மழை கொட்டியது. என் தலைக்குள்ளும் அன்று வேறொரு மழை. அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை, கிழமை தப்பாக அச்சாகி, கட்டுக் கட்டாக நின்றது. மெய்ப்புப் பார்த்தவரை என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். 'கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதானே வேலை பார்க்கிறீர்கள்?' என்று தொடங்கலாமா, இல்லை இன்னும் காரமாகவா என்று யோசனை. கால் தன்பாட்டுக்கு மின்கம்பத்துக்குப் போனது. வண்டி நின்றது. ஏறினேன், சாவியைத் திருகினேன், உதைத்தேன். மழைக்காலமாக இருந்தும் ஒரே உதையில் கிளம்பியது. பரவாயில்லையே என்று மெச்சிக்கொண்டேன்.

பாலம் ஏறினேன், இறங்கினேன். குழி எது, தண்ணீர் எது என்று தெரியாத சாலையில் தடதடவென்று விட்டுக்கொண்டு போனேன். ஒரு இடத்தில்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், புது வண்டி எடுத்த அந்தப் பத்துப் பதினைந்து நாளில் அன்றைக்குத்தான் வண்டி ஓட்டுவது சுகமாக இருந்தது.

அச்சக வாசலில் காவல்கார சேட்டன் குடையோடு வந்து கேட்டைத் திறந்தார். புது வண்டி வாங்கிய அன்று லட்டு தின்றவர். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பழசல்லே? புதுசு எவிடெ?" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். என் பழைய வண்டிதான். நம்பர் பிளேட்டில் என் நம்பர்தான். டிபன் கேரியர் வைக்க நான் பொருத்திய இரும்புப் பெட்டிகூட இடது பக்கம் அப்படியே இருந்தது. கலூருக்குப் போனது, கையெழுத்துப் போட்டது, லட்டு வாங்கியது எல்லாம் நிஜமாக நடந்ததா, இல்லை நான் ஆசைப்பட்டு நினைத்துக்கொண்டதா? நடந்திருந்தால் இந்த வண்டி எப்படி இங்கே? ஷோரூம்காரர்கள் பிடிக்கவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களா? இப்படியெல்லாம் ஒரு மனுஷன் யோசிப்பானா என்று கேட்காதீர்கள். யோசித்தேன்.

அதற்குள் மனைவி போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"எந்த வண்டியில போனீங்க?"

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"இங்க மதிலுகிட்ட ஒருத்தரு வண்டியக் காணோம்னு தலையில கை வெச்சு உக்காந்திருக்காரு. குடோன் கேமராவப் போட்டுப் பாத்தாங்க. கோட்டுப் போட்டிருந்தாலும் நடையிலேயே எல்லாருக்கும் ஆளு தெரிஞ்சுபோச்சு. நீங்கதான்."

அவளே தொடர்ந்தாள். "ஆனா இப்ப அந்தாளு வண்டியப் பத்தி ஒண்ணும் பேசல. ரத்தம், ரத்தம்னே சொல்லிக்கிட்டு இருக்காரு. எனக்குப் பேடியா, பயமா இருக்குங்க. நீங்க யாரையாவது இடிச்சீங்களா?"

இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே சின்ன ஐஸ் பெட்டி. மூடியைத் தூக்கினால், பெயர் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக. எல்லாவற்றிலும் ரத்தம்.

மனைவி போனை அவரிடம் கொடுத்தாள். கும்பளங்கி ஊர்க்காரர். ஒரு லேபில் வேலை; வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருபவர். இதுவரை பஸ்ஸிலும் நடந்துமாக அலைந்தவர், போன வாரம்தான் இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். காலையில் லாரி போன காலி இடத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, பக்கத்துச் சந்தில் ஒரு குழந்தைக்கு எடுத்ததைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்துவிட்டு, கடைசியாக எதிர் மாடியில் ஒரு நோயாளிக்கு எடுக்க ஏறியிருக்கிறார். இறங்கி வந்தால் வண்டி இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. போனில் அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கு நேரமில்லை.

"சேட்டா, வண்டி கெடக்கட்டு. ஐஸ் பெட்டிய மூடுங்க. நேரா தோப்பும்படி லேபுக்குக் கொண்டுபோங்க. என்கிட்ட வர வேண்டா. அதுல ஒரு கொச்சுக் குழந்தையோடது உண்டு. மூணு தடவ குத்தித்தான் கிட்டியது. அது கேடாகிப் போகக் கூடாது சேட்டா."

அந்த லேபைத் தாண்டித்தான் நான் வந்திருந்தேன். திரும்பினால் ஐலண்டில் வண்டிகள் நகரவே இல்லை. கல்யாணப் பத்திரிகை எங்கே போனதோ. குழியைக் கண்டால் நிறுத்தி, காலை ஊன்றி, மெதுவாக இறக்கி ஏற்றினேன். வரும்போது எத்தனை குழியில் விட்டேன் என்ற கணக்கு அப்போதுதான் மனசில் ஓடியது.

லேபுக்குள் நுழைந்தபோது அவர் எனக்கு முன்பே ஆட்டோவில் வந்து நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், குள்ளமான மனிதர், சட்டை முழுக்க ஈரம். பெட்டியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் லேப் பொறுப்பாளர் அம்மா வெளியே வந்தார். மற்றதெல்லாம் தப்பித்தது. குழந்தையுடையது மட்டும் குலுங்கிக் கலங்கிப்போய்விட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். பிறகு கும்பளங்கிக்காரரைப் பிடித்துக்கொண்டார். "பெட்டிய ரோட்டுல விட்டுட்டு மேல போகலாம்னு யாரு சொன்னது? இனி உங்களை எப்படி வெளியே அனுப்புறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் சுவரில் இருந்த பலகையில் என்னென்ன பரிசோதனை உண்டு என்று படித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல. ஒரு நிமிஷமாவது அப்படிப் படித்துக்கொண்டு நின்றிருப்பேன். பிறகுதான், "தப்பு இவர் மேல இல்லை. என் மேல" என்றேன்.

"நீங்க யாரு?" என்றார் அந்த அம்மா.

என்ன சொல்வது? வண்டிக்காரன் என்றால் இல்லை. திருடன் என்றால் அதுவும் இல்லை. "இந்த வண்டியோட… பழைய ஆளு" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கும்பளங்கிக்காரர் கையில் வைத்து, அது எப்படி என்னிடம் வந்தது என்பதையும், ஷோரூமில் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலுக்கு வந்ததும், "வண்டிய நீங்க ஓட்டுங்க சேட்டா. எனக்குக் கை நிக்கல்ல" என்று விரல்களை நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கையால்தான் அவர் மறுபடி அந்தக் குழந்தையின் நரம்பைத் தேட வேண்டும்.

அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். பதினான்கு வருடத்தில் அந்த வண்டியை அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதே இல்லை. வழியில் அவர் பேசியது ஒன்றே ஒன்று. "அது ஒன்னு வாய் விட்டுக் கரஞ்சா நமக்குத் தாங்கும். அது கரையாம நம்மள நோக்கும். அதுதான் பிரயாசம்." கரைவது என்றால் அழுவது.

பக்கத்துச் சந்துதான் என்றாலும் அந்த வீட்டை நான் அறிந்ததில்லை. ஒரே அறை. மூன்று வயதுப் பெண் குழந்தை பாயில் படுத்திருந்தது. பத்து நாளாகக் காய்ச்சலாம். இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. புறங்கையில் இன்னொன்று. தகப்பன் வெளியூரில் வேலை. தாய் மட்டும் இருந்தாள். நம்மைப் போலத் தமிழ் பேசுகிற பெண்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வண்டியை மாற்றியது, சாவி, லாரி, மின்கம்பம், மழை. சொல்லச் சொல்ல எனக்கே அது ஒன்றோடொன்று ஒட்டாத கதையாகத் தோன்றியது. மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். இரண்டு முறை சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"காலையில நான் பிடிச்சேன். இனி எனக்கு வய்யா, முடியாது. நீங்க பிடிங்க."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டாள்.

குழந்தையின் உடம்பு கொதித்தது. கும்பளங்கிக்காரர் அதன் இடது கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் நாடாவைக் கட்டி, விரலால் தடவித் தடவித் தேடினார். கையை உதறினார், மூச்சை இழுத்துவிட்டார், மறுபடி தேடினார். ஊசியைக் கண்டதும் குழந்தை திமிறியது. அந்தச் சின்னக் கையை அசையவிடாமல் அழுத்திப் பிடித்தவன் நான். அவர் சொன்ன மாதிரியே அது அழவில்லை. என் முகத்தையே அண்ணாந்து பார்த்தது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மூடவில்லை. முதல் குத்திலேயே கிடைத்துவிட்டது. "கிட்டி" என்று அவர் மெல்லச் சொன்னபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

ஊசியை எடுத்ததும் குழந்தை அவரை முறைத்துப் பார்த்தது. பிறகு உடைந்து அழுதுகொண்டே திரும்பி, என் ஈரச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் கணக்கில் குத்தியவர் அவர். காப்பாற்ற இருந்தவன் நான். தாய் வந்து கை நீட்டியும் கொஞ்ச நேரம் அது என்னை விடவில்லை. உனக்கு இந்த வலி என்னால்தான் என்று அதனிடம் எந்த மொழியில் சொல்வது? முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாகக் கும்பளங்கிக்காரரே சொன்னார். வேலையும் போகவில்லை. எங்கள் பக்கம் வரும்போது இப்போதும் அந்த வண்டியில்தான் வருகிறார்.

அன்று அந்த வீட்டில் இரண்டு முறை சொன்னதுதான் கடைசி. 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாமல் நடந்தது அந்தக் குழந்தைக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வலித்தது.