துரை கட்டிலுக்கு ஒரு முருங்கை முளை

மாயாண்டிக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. குறும்பு மட்டும் மீசை முளைத்த பிறகும் முடியவில்லை. கணக்கப்பிள்ளையின் குடைக்குள் தவளையை மடித்து வைத்தவன் அவன்தான். விடிகாலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக் கணக்கெடுப்புக்கு எழுப்பக் கொட்டும் தப்பின் தோலில் விளக்கெண்ணெய் தடவி, ஓசையை அமுக்கி, ஒருநாள் தோட்டத்தையே தூங்க வைத்தவனும் அவன்தான். அன்றைக்கு எல்லோருக்கும் அரைநாள் கூலி, அரைப்பேர்தான் விழுந்தது. லயத்து வரிசை வீடுகளின் ஜனம் திட்டியது, திட்டிக்கொண்டே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்குவான்.

ஆனால் தச்சு வேலையில் மட்டும் அவன் விளையாடியதில்லை. அவன் செய்த கதவு ஐப்பசி மழையிலும் இறுகாது. அந்த ஒரு நல்ல பெயரையும் தன்னளவில் அவனே கெடுத்துக்கொண்டது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேன் வாங்கிய வருஷத்தில்.

துரை உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குப் போகவிருந்தார். போகுமுன் மனைவி துரைசாணியோடு இலங்கை முழுவதையும் சுற்றிப் பார்க்க ஆசை. ஓட்டல் பிடிக்காதாம். வண்டிக்குள்ளேயே படுத்து, வண்டிக்குள்ளேயே தேத்தண்ணி வைத்துக் குடிக்க வேண்டுமாம். அதற்காகத் தோட்டத்தின் பழைய வேனை வாங்கிக்கொண்டு, உள்ளே கட்டில், அலுமாரி, மடக்கு மேசை எல்லாம் செய்துதரச் சொல்லி மாயாண்டியிடம் விட்டார்.

வேன் என்றால் சும்மா வேன் இல்லை. தோட்டத்தில் யாருக்காவது முடியாமல் போனால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வேன் அது ஒன்றுதான். "புது வேன் வரும்" என்றார் கணக்கப்பிள்ளை. வரும், வரும். லயத்துக்குப் புதுக் கூரைத் தகரமும் வெகுநாளாக வந்துகொண்டுதான் இருந்தது.

நோயாளிகளைக் கிடத்துகிற நீளப் பெஞ்சைக் கழற்றி வெளியே போட்டபோது மாயாண்டிக்கு வயிற்றெரிச்சல். வீட்டில் தங்கச்சி பூரணிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. புருஷன் சிவசாமிதான் தோட்டத்து டிரைவர். ஓட்ட ஆள் இருந்தும் வண்டி இல்லை.

அம்மா வேலாயிக்கு வேறு கவலை.

"வேலையைச் செய்யி. ஆணி மட்டும் அடிக்காத. வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா, வயித்துக்கு ஆகாது."

"நான் அடிக்கப் போறது தச்சுக் கொட்டகையில ஆத்தா. லயத்துலயா அடிக்கிறேன்?"

"எங்க அடிச்சா என்னடா? கை ஒன் கைதானே?"

ஆகவே ஆணி இல்லாமலே செய்தான். பலாப் பலகையில் துளை போட்டு, கெட்டி மரத்தில் ஆணிபோல முளை சீவி, இறுக்கி இறுக்கிப் பூட்டினான். துரை வந்து தட்டிப் பார்த்தார். "ஆணி இல்லே? நல்லது, மாயாண்டி. துரு பிடிக்காது," என்று தோளில் ஒரு தட்டு.

அந்தத் தட்டுத்தான் அவனைக் கிளப்பிவிட்டது. ஆஸ்பத்திரி வண்டியில் ஊர்சுற்றப் போகிறவர் ஒரு ராத்திரியாவது தரையில் படுக்கட்டுமே! தலைமாட்டுச் சட்டத்தைத் தாங்கும் ஒரு முளையை உருவி எடுத்தான். அதன் இடத்தில் முள்முருங்கைக் கட்டையைச் சீவிச் செருகினான். முருங்கை, பெயருக்குத்தான் மரம். எவ்வளவு லேசில் ஒடியும் என்று ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெள்ளையாகத் தெரியாமலிருக்கத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தான். துரை உருண்டு விழுவதையும், துரைசாணி கூவுவதையும் நினைத்துக்கொண்டு தனியாகவே சிரித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

துரை புறப்பட இருந்ததற்கு முதல்நாள் மத்தியானம் பூரணிக்கு வலி கண்டது. தோட்டத்து டாக்டர் ஐயா வயிற்றைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"புள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சுப் பாக்க ஏலாது. ஒடனே டிக்கோயாவுக்குக் கொண்டு போங்க."

கொழுந்து ஏற்றும் லொறி அட்டன் டவுனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போயிருந்தது. சிவசாமி தலையில் கை வைத்து நின்றான். அப்போது பங்களாப் பக்கமிருந்து வேன் இறங்கி வந்தது. செய்தி கேட்டு ஓட்டி வந்தவர் துரை, கூடவே துரைசாணி. லயத்து வாசலில் வண்டி நின்றதும், பயணத்துக்கு அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைத் துரைசாணியே இழுத்து வெளியே போட்டாள். தன் கம்பளியை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். துரை சாவியைச் சிவசாமி கையில் திணித்தார்.

"சீக்கிரம் போ."

மாயாண்டி கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தான். உள்ளே பூரணியைக் கிடத்த வேறு இடம் கிடையாது. பெஞ்சைக் கழற்றியவனும் அவனே, அந்த இடத்தில் அலுமாரியைப் பூட்டியவனும் அவனே.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு முளையை மாத்திட்டு..."

"முளையாவது மயிராவது! புள்ள துடிக்கிறா, ஏறுடா!" என்றாள் வேலாயி.

ஏறினான். ஏறியவன் கட்டிலுக்கு அடியில், துரையின் பெட்டிகளுக்காக விட்டிருந்த இடத்தில், முழங்காலும் கையும் ஊன்றி நுழைந்தான். தலைமாட்டுச் சட்டத்துக்கு முதுகைக் கொடுத்தான்.

"அங்க எதுக்குடா போற?"

"குலுங்காம இருக்க ஆத்தா."

பாதி நிசம். பாதி நிசம் சொல்லி அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு. 

கோயில் முடக்கில் திரும்பியதும் 'சடக்' என்றது. முருங்கை முருங்கையாகவே நடந்துகொண்டது. பூரணியின் பாரமெல்லாம் சட்டத்தோடு அவன் முதுகுத்தண்டில் இறங்கியது. அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் அவன் முதுகு வழியாகத்தான் போனது. மேலே அவள் முனகும்போதெல்லாம் பலகையோடு அவனும் அதிர்ந்தான். தோட்டத்துச் சாமி ஒன்று விடாமல் கூப்பிட்டான். தப்பை ஊமையாக்கிய அன்று சிரித்த சிரிப்புக்குக்கூட மன்னிப்புக் கேட்டான்.

"அண்ணே, அடியில இருக்கியா?" என்று ஒருதடவை பூரணி கேட்டாள்.

"இருக்கேன்டி."

கையை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவன் வெளியே ஊர்ந்தான். கட்டில் தலைமாடு 'தொம்' என்று இறங்கியது. சிவசாமி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் மச்சானைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"முளை ஒடிஞ்சிருக்கே மச்சான்! நீ மட்டும் அடியில இல்லன்னா..."

பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். செய்தி தோட்டத்துக்குப் போவதற்குள் மாயாண்டியின் முதுகு மலையையே தாங்கியதாகிவிட்டது. வேலாயி எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். "எம் புள்ள, எம் புள்ள" என்று அவள் தேய்க்கத் தேய்க்க, அவனுக்குத் திட்டு வேண்டும்போல இருந்தது. ஒருத்தராவது திட்டக் கூடாதா? கணக்கப்பிள்ளைகூட குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சபாஷ்" என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் வார்டில் பூரணி அவன் முகத்தையே பார்த்தாள்.

"மடியில என்னாண்ணே?"

உடைந்த முளைதான். எறியவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கி நகத்தால் சுரண்டினாள். சாயம் போய் வெள்ளை தெரிந்தது. சின்ன வயதில் அவள் உட்காரும் மணைப்பலகைக்கு உளுத்த கட்டையில் கால் வைத்து விழவைத்தவன் இவன்தானே. அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"தொரைக்கு வச்சதா?"

"ம்."

"அந்தம்மா கம்பளியிலதான் படுத்துக்கிட்டு வந்தேன்."

"தெரியும்டி."

அவன் அழுவதைப் பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிடாமல் பூரணி போர்வையை உயர்த்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து முளையை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஆத்தாகிட்ட நான் சொல்லமாட்டேன். போயி ஒழுங்கா ஆணி அடி. இனி அடிக்கலாம், புள்ள பொறந்தாச்சு."

சுத்தியலோடு வேன் நின்ற பங்களாவுக்குப் போனான். துரை பயணத்தைத் தள்ளிப் போட்டிருந்தார். ஆணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"முளை நல்லா இருந்தது, இல்லே?"

"இனி நம்ப முடியாதுங்க தொரை."

"முளையையா?"

"வச்சவனைங்க."

துரைக்கு எவ்வளவு தமிழ் விளங்கியதோ. அவனை ஒருமுறை பார்த்தார், திரும்பி உள்ளே போனார். மாயாண்டி கையில் இருந்த ஆணி அத்தனையையும் அடித்தான். தேவைக்கு மேலேயே அடித்தான். பலம் பார்க்க வேண்டுமே என்று, ரணமான முதுகைச் சாய்த்து அவனே முதலில் கட்டிலில் படுத்தான். கம்பளியில் பூரணியின் தலையெண்ணெய் வாசம். சட்டென்று எழுந்து, இன்னும் இரண்டு ஆணி இருக்கிறதா என்று பையைத் துழாவினான்.