குண்டு மில்லும் டீச்சரின் கோழிகளும்

நான் சேலத்தில் கல் அரைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, நானா என்னைத் தேடிப் பள்ளிமுனைக்கு வந்தார். கடல் தாண்டிப் போய் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே இயந்திரவியல் டிப்ளோமா படித்து, கணவனும் பிள்ளைகளுமாக நான் ஊர் திரும்பியிருந்த நேரம் அது. கணவனுக்குக் கடல் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை. இயந்திரம் படித்த பெண் என்று தெரிந்ததும், அயலவர்கள் தையல் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நானா எருக்கலம்பிட்டிக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். அங்கே சுண்ணாம்புக் கல் ஏற்றி இறக்கிப் பழகி, திரும்பி வந்ததும் உயிலங்குளத்துப் பக்கம் சொந்தமாக ஒரு கல் அரைக்கும் ஆலை போட்டிருந்தார். அவர்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவர் நானாதான்.

கதிரையில் உட்கார்ந்தவர் தேத்தண்ணியைத் தொடாமலே கேட்டார்.

"தங்கச்சி, கல்ல மாவாக்கத் தெரியுமா?"

"எந்த அளவுக்கு மாவா?"

"மூஞ்சிக்குப் பூசுற பவுடர் மாதிரி."

"தெரியும்."

"அப்ப நாளைக்கு வாங்க."

என் வாழ்க்கையில் எனக்கு நடந்த ஒரே நேர்முகத் தேர்வு அதுதான்.

ஆலையில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. முதலாவது, தாடை மெஷின். இரண்டு தடித்த இரும்புத் தட்டுகள் வாயைத் திறந்து மூடி, பாறாங்கல்லைக் கடித்துச் சல்லியாக்கும். இரண்டாவது, குண்டு மில். தார்ப்பீப்பாவைவிடப் பல மடங்கு பெரிய ஓர் இரும்பு உருளை படுத்துக் கிடக்கும். அதற்குள் தேங்காய் அளவிலும் எலுமிச்சங்காய் அளவிலும் இரும்புக் குண்டுகள். சல்லியை உள்ளே கொட்டி, வாயைப் பூட்டி, உருளையைச் சுழலவிட்டால், குண்டுகள் சுவரோடு சேர்ந்து ஏறி, உச்சிக்குக் கிட்டப் போய்த் தொப்புத் தொப்பென்று கல்லின் மேல் விழும். அப்படி விழுந்து விழுந்துதான் கல் மாவாகும். ஒருநாள் நானா பஸ்ஸில் இருந்தபடி கொழும்புக் கடைக்காரரிடம் போனில், "எனக்குக் குண்டு வேணும், பெரிய குண்டு, நல்லா வேல செய்யுற குண்டு" என்று கத்தியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டாராம்.

மாவை மென்மையாக்குகிற வேலையை நான் சில மாதங்களில் ஓரளவு முடித்துவிட்டேன். தேய்ந்த குண்டுகளைப் பொறுக்கி எறிந்தேன், பெரியதும் சின்னதுமாகக் கலந்து போட்டேன், சல்லியை இன்னும் சின்னதாகக் கடிக்கத் தாடை மெஷினின் வாயை ஒடுக்கினேன். கொழும்பிலிருந்து வாங்குகிறவர்கள் "மணல் மாதிரி இருக்கு" என்று முறையிடுவதை நிறுத்தினார்கள். நிறுத்தாதவர் ஒருவர்தான். அது டீச்சர்.

டீச்சர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஆலை வேலிக்கு அடுத்த வளவில் தனியாக இருந்தார். தனியாக என்றால், ஒரு பெரிய கூடு நிறையக் கோழிகளோடு. குண்டு மில்லின் சத்தத்தைக் கேட்டுக் கோழிகள் முட்டையிட மறுக்கின்றன என்பது அவருடைய முறைப்பாடு. காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்.

"முதலாளி, இண்டைக்கும் குறைஞ்சிட்டுது."

"டீச்சர், கோழிக்குக் காது இருக்கா?"

"உங்களுக்கு இருக்கோ எண்டுதான் நான் யோசிக்கிறன்."

நானா ஒரு பை நிறையச் சுண்ணாம்பு மாவைத் தூக்கி அவர் கையில் கொடுப்பார். கோழித் தீனியில் கலக்க அது நல்லது. டீச்சர் பையை வாங்கிக்கொண்டு, திரும்பவும் நாளைக்கு வந்து திட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போது மகளுக்கு முதல் நன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு, வந்தது. அதைத் தொடர்ந்து கோயில் திருநாள், மாமியாருக்குக் காய்ச்சல் என்று இரண்டு கிழமைக்கு மேல் நான் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போன காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. வழக்கமாக ரோட்டிலேயே கேட்கிற இரைச்சல் இல்லை. கரண்ட் இல்லைப் போல என்று நினைத்தேன். உள்ளே போனால், உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் எப்படி! காற்றாடி மாதிரி. "ம்ம்ம்" என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

மில்லுக்கு முன்னால் சத்தம் அளக்கும் கருவியைப் பிடித்தபடி ஓர் அதிகாரி நின்றார். டீச்சர் முன்பு எழுதிப்போட்ட முறைப்பாட்டுக்கு வந்தவர். கருவியைப் பார்த்தார். அதைக் குலுக்கினார். பற்றரியைக் கழற்றிப் போட்டார். திரும்பவும் நீட்டினார். வேலியில் இருந்த காகம் கத்தியபோதுதான் முள் கொஞ்சம் எழும்பியது.

"நான் எத்தினையோ மில் பாத்திருக்கிறன்," என்றார். "இப்பிடி ஒண்டைக் காணேல்லை. யார் செய்தது?"

நானா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். "இந்தா, வந்துட்டாங்க. எல்லாம் இந்தத் தங்கச்சிட மூளதான்!"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மோட்டாரில் இருந்த சின்னப் பெல்ட் சில்லைக் காணவில்லை. அந்த இடத்தில் பளபளவென்று பெரிய சில்லு ஒன்று இருந்தது. வேகமாகச் சுற்றினால் வேகமாக அரைபடும் என்று நானா மாற்றியிருக்கிறார். அதிகாரிக்கு முன்னால் என்ன சொல்வது? சிரித்தேன். அவர் என் சிரிப்பை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"பெருநாள் முடிய மற்ற மில்காரரையும் கூட்டிக்கொண்டு வாறன். அவையளும் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டார்சைக்கிள் மறைந்ததும் நான் கேட்டேன். "நானா, மாவு எங்க?"

"அதுதான் தங்கச்சி, கொஞ்சம் சுணங்குது. நீங்க போன கையோட சில்ல மாத்தினன். இது முந்தாநாள் காலையில போட்டது. இன்னும் ஓடட்டும் எண்டு விட்டிருக்கன்."

நிறுத்தி, வாயைத் திறந்தோம். போட்ட சல்லி போட்டபடியே வந்தது. குளித்து முழுகித் தலை வாரிக்கொண்டு வந்ததைப் போல ஒவ்வொன்றும் மினுங்கியது. மாவு என்று பார்த்தால், ஒரு தேத்தண்ணிக் கோப்பையை நிரப்பியிருக்கலாம்.

நானாவுக்கு விளங்கவைக்க ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, தலைக்கு மேலால் வட்டமாக வேகமாகச் சுழற்றினேன். ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்தீங்களா? வேகம் கூடினா தண்ணி வாளியோட ஒட்டிக்கொள்ளுது. குண்டும் அப்பிடித்தான். சுவரோட ஒட்டிக்கொண்டு சும்மா சவாரி போகுது. விழுந்தாத்தானே அரைபடும்? அதாலதான் சத்தமும் இல்லை."

நானா நம்பவில்லை. "தாங்க, நான் பாக்கிறன்" என்று வாளியை வாங்கினார். அவருக்கு உடம்பு பெரிது. அவசரமாகக் கையை வீசவும் மாட்டார். வாளி ஆறுதலாக உச்சிக்குப் போனது. தண்ணீர் முழுவதும் தொப்பியோடு தலையில் இறங்கியது. முகத்தை வழித்துவிட்டுச் சொன்னார்.

"சுப்ஹானல்லாஹ். இந்த வேகம்தான் மில்லுக்குச் சரி, என்ன?"

"ஓம் நானா. இதுதான்."

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். குடை இல்லை. கையில் ஒரு பனையோலைப் பெட்டி, அது நிறைய முட்டை. முகத்தில் நான் அதுவரை காணாத சந்தோஷம்.

"முதலாளி, நான் உங்களை என்னவெல்லாம் பேசிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சத்தம் நிண்டதும் என்ர பிள்ளையள் போட்டுத் தள்ளுதுகள்."

ஈரத்தோடு நின்ற நானா மரியாதையாக ஒரு முட்டையை எடுத்தார். அது அவர் விரலுக்குள் பொசுக்கென்று உடைந்து முழங்கை வரை வடிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

டீச்சரின் முகம் மாறியது. "அதுதான் ஒரு சின்னக் குறை. முட்டை கூடிட்டுது. ஓடுதான் கடுதாசி மாதிரிக் கிடக்கு. ரெண்டு கிழமையா நீங்கள் மாவு தரேல்லையே. அதைத்தான் கேட்டுக்கொண்டு போவம் எண்டு வந்தனான்."

"மாவு இல்ல டீச்சர்."

"ஏன் இல்லை? மெஷின் ஓடுதுதானே?"

"ஓடுது. அரைக்கல்ல. அரைக்கோணும் எண்டா சத்தம் வரும்."

டீச்சர் பெட்டியை நிலத்தில் வைத்தார். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்த கண்களால் என்னைப் பார்த்தார். "பிள்ளை, எனக்குச் சத்தம் வேண்டாம். மாவு வேணும். அதுக்கு ஒரு வழி பாருங்கோ. கணக்கெண்டால் விடை இருக்கும்."

பழைய சில்லை மாட்டினோம். இரைச்சலும் மாவும் ஒன்றாகத் திரும்பி வந்தன. வழி கிடைக்கும்வரை, டீச்சர் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் மில்லை ஓட்டுவதென்று நானா ஒரு ஏற்பாடு செய்தார். அவரை வெளியே அனுப்புவது எல்லோருக்கும் பொறுப்பானது. ஆலையின் ஓட்டோவில் ஒருநாள் கோயிலுக்கு, ஒருநாள் சந்தைக்கு, ஒருநாள் பழைய மாணவி வீட்டுக்கு. இரண்டாம் கிழமை டீச்சரே வந்து, "எல்லார் வீட்டிலயும் வடையும் தேத்தண்ணியும் தந்து என்னைக் கொல்லப் பாக்கினம். சத்தமே பரவாயில்லை" என்றார்.

சேலத்தில் சில ஆலைகளில் உருளையின் உட்சுவருக்கு ரப்பர் அடித்திருப்பார்கள். இரும்பில் இரும்பு மோதாது, சத்தம் பாதியாகும், சுவரும் தேயாது. அதைச் செய்துபார்க்கலாம் என்றேன். நானா உடனே பழைய லொறி டயர்களைக் கொண்டுவந்து குவித்தார்.

மில்லின் வாய் சின்னது. நானா அதற்குள் போக நினைப்பதே வீண். நான்தான் போகவேண்டும். குண்டுகளை வெளியே அள்ளிவிட்டு, மெயின் பியூஸைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். இருட்டு, சூடு, வாயெல்லாம் சுண்ணாம்பு. டயர்த் துண்டுகளைத் துளைத்து ஆணி முறுக்கிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மறைந்தது. வாயில் டீச்சரின் தலை.

"பிள்ளை, உள்ள இருக்கிறீங்களோ?"

அவருடைய குரல் உருளைக்குள் நாலு தரம் சுற்றி வந்தது.

"இருக்கிறன் டீச்சர்."

"சாப்பிட்டீங்களோ? வடை கொண்டுவந்தனான். எனக்கினி வேண்டாம்."

குண்டு மில்லுக்குள் குந்தியிருந்து வடை சாப்பிட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டயர் வேலை செய்தது. சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது, கல்லும் அரைபட்டது. வாயைத் திறந்தோம். மாவு சாம்பல் நிறத்தில் கொட்டியது. டயரின் கறுப்பு தேய்ந்து கலந்துவிட்டது. நானா தலையில் கையை வைத்தார். டீச்சர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதை என்ர கோழிக்குக் குடுத்தால், முட்டைக்குப் பதிலா டயர் போடும்."

இரண்டு நாள் டயர்த் துண்டுகளைக் கழற்றுவதிலேயே போனது. மூன்றாம் நாள் நானாதான் தன் காலைப் பார்த்தபடி கேட்டார்: "தங்கச்சி, ரப்பர் எண்டா கறுப்பாத்தான் இருக்கோணுமா? இந்தச் செருப்பு அடி வெள்ளையாத்தானே இருக்கு?" அவருடைய செருப்பின் அடிப்பகுதி வெளிர் மஞ்சள் நிறத்தில் தடித்த ரப்பர். நான் எழும்பி அந்தச் செருப்பை அவர் காலிலிருந்தே கழற்றி, குண்டால் குத்தி, கல்லால் உரசிப் பார்த்தேன். மாவில் ஒரு கறையும் இல்லை. நானா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார். அடுத்த கிழமை களுத்துறைப் பக்கத்திலிருந்து அதே ரப்பர் தகடு தகடாக வந்து இறங்கியது. திரும்பவும் உள்ளே இறங்கினேன்.

பெருநாள் முடிந்து அதிகாரி சொன்னபடியே வந்தார், இரண்டு மில்காரர்களோடு. அன்று காலை கொழும்பிலிருந்து மாவேற்ற ஒரு லொறி வந்திருந்தது. மூட்டை கட்டி முடியவில்லை என்றதும், அதன் சாரதி மில்லுக்குப் பக்கத்துச் சுவர் நிழலில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையில் யாரோ ஆறுதலாகக் குதிப்பதைப் போல ஒரு சத்தம். அதற்குமேல் சாரதியின் குறட்டை.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் அவரை எழுப்பப் போக, நானா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாத! கிடக்கட்டும்!" பிறகு விரலை வாயில் வைத்தபடி அதிகாரியையும் மில்காரர்களையும் அழைத்து வந்து காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சரையும் கூப்பிட்டார். அதிகாரி கருவியை எடுத்து, குறட்டையைத் தவிர்க்க எந்தப் பக்கம் நீட்டுவது என்று யோசித்தார்.

சாரதி கண் விழித்தபோது அவரைச் சுற்றி ஆறேழு பேர் குனிந்து நின்றோம். பாவம், பதறிப்போய் எழுந்து உட்கார்ந்து சிங்களத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நானா சொன்னார். மனிதர் கண்ணைக் கசக்கி, கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்சம் கோபமாகக் கேட்டார்: "மில்லை எப்பத்தான் தொடங்கப்போறீங்கள்?"

நானா விழுந்து விழுந்து சிரித்தார். மில்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும், சத்தமில்லாமல் சும்மா சுற்றவைத்த அந்தப் பெரிய சில்லு ஞாபகம் வந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் மில்லுக்குப் போய், நிறுத்தி, வாயைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். மாவு இளஞ்சூடாக, வெள்ளையாக, விரல்களுக்கு இடையால் தண்ணீரைப் போல வழிந்தது.