பூட்ஸ் கழற்றாத இன்ஜினியர்

எங்கள் தெருவுக்குப் பின்னால், மூடிக் கிடந்த தோல் தொழிற்சாலையின் நச்சு மண்ணை அகற்றிப் பூங்கா அமைக்க வந்த இன்ஜினியர் அவர். நெற்றி நிறைய விபூதி, முழங்கால் வரை பூட்ஸ். ஜீப்பில் ஏறுமுன் அந்த பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

"விஷமெல்லாம் எடுத்தாச்சுங்க. பசங்க தாராளமா மண்ணுல புரளலாம்" என்றார் எங்களிடம்.

பூங்காவுக்குப் பூமி பூஜை போட்ட அன்று ஊரே அங்கே வெறுங்காலில் நின்றது. அவர் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க சார்" என்றேன்.

"எனக்குக் கால்ல வெடிப்பு ஜாஸ்திங்க. மண்ணு ஆகாது."

அடுத்த பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் எனக்கு முன்னால் அவர் வெறுங்காலில் போய்க்கொண்டிருந்தார். குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். வெடிப்பாம், வெடிப்பு! பச்சைக் குழந்தையின் குதிகால் மாதிரி வழவழவென்று இருந்தது.