சிவப்பு முனியாவும் பச்சை முனியாவும்

குடியிருப்பு வளாகத்தில் புல் கணுக்காலுக்கு மேல் வளரக் கூடாது என்பது விதி. மகர்பட்டாவில் என் மகள் வீட்டு மாடிக்குக் கீழே இன்று காலை ஓர் இயந்திரம் அதை முழுச் சத்தத்தோடு நிறைவேற்றிக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட புல்லின் வாசனை மேலே வந்ததும் நான் முன்பு வேலை பார்த்த கசார்வாடிக்கு நினைவில் போய்விட்டேன்.

அங்கே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மழைக்காலத்தில் புல் இடுப்பளவு நிற்கும். ஒரு வருஷம் துணி உலர்த்தப் போன என் மனைவி மீனாட்சி, புல்லுக்குள் தேங்காயளவில் ஒரு கூட்டைக் கண்டாள். உள்ளே முட்டைகள். பக்கத்தில், குங்குமத்தில் புரண்டு நொய்யரிசியைத் தூவிக்கொண்டாற்போல ஒரு குருவி. முனியா.

"இதுங்க பறக்கற வரைக்கும் புல்லை வெட்ட விடாதீங்க" என்றாள்.

பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று சனிக்கிழமையே வெட்டுவதாக இருந்தது. மேற்பார்வையாளர் துரைசாமி வேலூர்க்காரர்.

"இன்னா சார், இத்தினூண்டு குருவிக்கு நான் மெமோ வாங்கணுமா?"

"நான் ஆட்சேபம் எழுதித் தரேன். பதில் வர்ற வரைக்கும் உங்களை ஒருத்தரும் கேட்க முடியாது."

அலுவலகக் கோப்பு ஒன்றை முடிக்க எனக்குத் தெரிந்ததோ இல்லையோ, சுற்ற விடத் தெரியும். அதற்கு நியாயமான ஒரு சந்தேகம் போதும். முனியாவில் சிவப்பும் உண்டு, பச்சையும் உண்டு; பங்காளிகள். அலகு இரண்டுக்கும் சிவப்பு. பச்சைக்கு விலாவில் கறுப்பு வெள்ளை வரிகள், வருஷம் முழுக்க ஒரே சட்டை. சிவப்பில் ஆண் மட்டும், அதுவும் கூடு கட்டும் காலத்தில்தான் மாப்பிள்ளைக் கோலம். பிறகு பெண்ணைப் போலவே பழுப்பு. 'பச்சையானால் அரிய இனம்; இது எந்த இனம் என்று வனத்துறையிடம் தெளிவு பெற்றபின் புல்லை வெட்டலாம்' என்று எழுதினேன்.

"செவப்புன்னு பார்த்தாலே தெரியுதே!" என்றாள் மீனாட்சி.

"உனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியலையே."

ஆய்வு நாளில் அதிகாரி புல்லைக் காட்டிக் கேட்க, "கரஸ்பாண்டன்ஸ்ல இருக்கு சார்" என்றாராம் துரைசாமி. அதிகாரி தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். அதன்பிறகு துரைசாமியே தினமும் எட்டிப் பார்ப்பார்: "கண்ணு தொறந்துச்சாம்மா?"

அந்தப் புல்வெளி இன்று கார் நிறுத்தும் சிமென்ட் தளம். மீனாட்சியும் போய்விட்டாள். முனியாவைப் பார்க்கக் கேமராக்காரர்கள் ஊரைத் தாண்டிப் போகிறார்கள்.

வனத்துறையின் பதில் என்னவோ ஒரே வரிதான்: 'சிவப்பு, வெட்டலாம்.' கடைசிக் குஞ்சு ஒரு ஞாயிறு மாலை பறந்துபோயிற்று. பதில் வந்து சேர்ந்தது மறுநாள், திங்கட்கிழமை.