சொல்லாமல் கிளம்பியவர்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. திங்கட்கிழமை காலை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.
2. புதன்கிழமை மதியம் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அழவில்லை.
3. மறுநாளிலிருந்து துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள்.
4. கிளம்பிய சோழவந்தான் பெரியம்மாவிடம் நான் “போயிட்டு வாங்க” என்றேன்.

வீட்டில் பெரிய குற்றமாகப் பேசப்பட்டது நான்காவதுதான்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது. வீட்டார் வழியனுப்பவும் கூடாது. வரச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வரச் சொன்னதாக ஆகிவிடுமாம். எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வழக்கம் எனக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தந்தது. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், கத்தரிக்காய் விலைவரை பேசுவார்கள். ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தால் ஆளும் இருக்காது, வாசலில் செருப்பும் இருக்காது.

அப்பாவின் அக்காதான் அப்போது வீட்டைப் பார்த்துக்கொண்டார். பெரியம்மா தெருமுனை தாண்டியதும் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டி, அடுத்த எழவுக்கு வெத்தல பாக்கு வைக்கிறியா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல, வாய் மட்டும் இம்புட்டு நீளம்!”

மறுநாள் எழுமலை மாமா கிளம்ப எழுந்தார். மறுபடியும் சொன்னேன். அவர் ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டபடி நின்றுவிட்டார்.

“ஏத்தா, இப்ப நான் போகவா, உள்ள வரவா?”

அவர் ஒரு வழியாகப் போனார். குடையை மறந்துவிட்டு உடனே திரும்பியும் வந்தார். அதில் மட்டும் ஒரு தோஷமும் இல்லையாம். இந்த நியாயத்தை நான் எடுத்துச் சொன்னபோது அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பின் ஆட்கள் கிளம்பும் நேரத்தில் என்னை அடுப்படிக்கு அனுப்பினார்கள். நான் பின்வாசல் வழியாகச் சந்தில் ஓடி, தெப்பக்குளம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். அது தெரிந்ததும், இந்தப் பெண் கருமாதியில் முன்னால் நிற்கக் கூடாது, அன்று சோழவந்தானில் இருக்கட்டும் என்று அத்தை முடிவெடுத்தார். அம்மாவின் காரியத்துக்கு நான் மட்டும் இருக்கக் கூடாதாம்.

அதுவரை வாயே திறக்காத அப்பா அப்போதுதான் பேசினார்.

“விடுக்கா. அவ இங்கதான் இருப்பா. சொல்லணும்னா சொல்லட்டும்.”

கருமாதி அன்று அத்தனை பேருக்கும் சொன்னேன். பாதிப் பேர் காதில் விழாததுபோல ஓடினார்கள்.

அடுத்த நாள் அப்பா வேலைக்குக் கிளம்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என்னப்பா, எதை மறந்தீங்க? டிபன் பாக்ஸ் கையிலதான இருக்கு!”

“ஒண்ணுமில்ல.”

“சரி, போயிட்டு வாங்க.”

உடனே போனார். ஆண்களுக்கு எல்லாவற்றையும் ஒருவர் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா ஒயர்க்கூடையோடு வாசலில் நின்று “வாரேன்டி” என்றாள். நான் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். காம்பஸ் முள் நகர்ந்துவிடும் என்று தலையைத் தூக்காமல் “ம்” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவள் கையிலிருந்த கூடையை அப்பா வாங்கிக்கொண்டார். அப்பாவும் அங்கேதான் நின்றார் என்பது எனக்கு உறைக்கவே பல வருஷமானது.

இப்போது பாலிடெக்னிக் முடித்து ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போடுகிறேன். அம்மாவுக்காக இன்னும் அழவில்லை. அப்பா தினமும் எட்டு பத்துக்கு வாசலில் நிற்கிறார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொல்கிறேன். சாயங்காலம் வந்துவிடுகிறார்.